ஷெல் உறையின் அடியில் என்ன அடித்திருக்கிறது? பார்த்தவர்கள் பகிருங்கள்

ஜெலுத்தோங்கிலிருந்து:

பினாங்கு லோரோங் கூலிட் பழஞ்சாமான் சந்தையில் பித்தளை ஷெல் உறைகள், அதாவது பீரங்கிக் குண்டைச் செலுத்தும் மருந்து இருந்த கூடுகள், அவ்வப்போது வரும். பூச்சாடியாகவோ குடை வைக்கும் குவளையாகவோ பல வருடம் யார் வீட்டிலோ இருந்தவை. விற்பவர் எதைக் கேட்டாலும் "ஜப்பான்காரன் குண்டு" என்பார். நான் உடனே கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பேன், ஏனென்றால் அங்கேதான் உண்மை இருக்கிறது.

அண்மையில் ஒருவர் ஓர் உறையைக் காட்டி, பேராக்கின் கம்பாரில் ஜப்பானியரோடு நடந்த சண்டையில் கிடைத்தது என்றார். அடியில் 25 பி.ஆர். என்று இருந்தது. பிரிட்டிஷ் 25 பவுண்டர் பீரங்கி, 87.6 மில்லிமீட்டர். அதுவரை சரி. ஆனால் ஆண்டு 1944! கம்பார் சண்டை 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை நடந்தது. 1944-இல் செய்த உறை அங்கே எப்படிப் போகும்? மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை எதிர்த்த அவசரகாலத்தில், 1948-க்குப் பிறகு, இதே பீரங்கிகள் இங்கே காட்டைச் சுட்டன. அப்போது வந்ததாக இருக்கலாம். அதுவும் நம் மண்ணின் கதைதான், ஆனால் வேறு கதை.

பக்கத்தில் மூன்று கோட்டு அம்பு இருந்தால் பிரிட்டிஷ் அரசுச் சொத்து. அம்பு ஆங்கில 'சி' எழுத்துக்குள் இருந்தால் கனடா. இரு பக்கமும் 'டி' இருந்தால் ஆஸ்திரேலியா. கீழே 'ஐ' இருந்தால் இந்தியா. ஜித்ராவிலும் கம்பாரிலும் சிலிம் ரிவரிலும் நின்றது 11-வது இந்திய டிவிஷன் என்பதால், அந்த 'ஐ'யைப் பார்த்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து:

அண்ணே, எங்களிடம் இருப்பது உறை இல்லை, ஷெல்லின் மூக்கில் திருகும் ஃபியூஸ். தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது, ஊருக்குப் போன பெரிய துரை காகிதம் பறக்காமல் வைக்கக் கொடுத்துவிட்டுப் போனாராம். உள்ளே வெறும் கூடு. வெளியே 80 என்ற எண், சுழலும் வளையத்தில் வரிசையாக எண்கள். ஷெல் எத்தனை விநாடியில் வானில் வெடிக்க வேண்டும் என்று அந்த வளையத்தைத் திருப்பி வைப்பார்களாம். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் 18 பவுண்டர் பீரங்கிக்கு உரியது.

இதன் மேல் 'கே.பி.இஸட். 96/04' என்று இருக்கிறது. ஜெர்மன் க்ரூப் கம்பெனியின் காப்புரிமைக் குறி! பிரிட்டனின் விக்கர்ஸ், போருக்கு முன்பே க்ரூப்பிடம் உரிமம் வாங்கி இந்த ஃபியூஸைச் செய்துவந்தது. பிரிட்டிஷ்காரர்கள் ஜெர்மானியர்கள் மேல் ஜெர்மன் வடிவமைப்பையே சுட்டார்கள். போர் முடிந்ததும் க்ரூப் உரிமத்தொகை கேட்டது. 1926-இல் விக்கர்ஸ் 40,000 பவுண்டு கொடுத்து வழக்கை முடித்தது. மாமா இதைப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்க வேண்டும் என்கிறார். நான் விடவில்லை. மெல்லிய எழுத்துகளைத் தேய்த்துவிட்டால் மிஞ்சுவது வெறும் பித்தளை.

செந்தூலிலிருந்து:

ஜப்பானிய உறை ஒன்று கே.எல்.லில் பார்த்தேன். நங்கூரம் அடித்திருந்தால் கடற்படை. பினாங்கில் ஜப்பானியக் கடற்படை தளம் வைத்திருந்ததால் உங்கள் பக்கம் இது கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆண்டு ஷோவாக் கணக்கில், அதாவது ஜப்பானியச் சக்கரவர்த்தியின் ஆட்சியாண்டில், இருந்தால் 1925-ஐக் கூட்டுங்கள்: 16 என்றால் 1941, 17 என்றால் 1942.

ஒன்று மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். அடி நடுவில் ப்ரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு துண்டு, இருக்கும். ஊசி குத்திய பள்ளம் அதில் தெரியாவிட்டால் உறையைத் தட்டாதீர்கள், சூடாக்காதீர்கள். மண்ணில் முழு ஷெல் கிடைத்தால் முத்திரை படிக்கக்கூட கிட்டப் போகவேண்டாம். 999-க்கு அழையுங்கள், போலீஸின் வெடிகுண்டுப் பிரிவு வரும். துரு ஏறிவிட்டதால் செத்துவிட்டது என்று நினைப்பது பெரிய ஆபத்து.

தம்பி, இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு என்ன பொருள்?

ஜெலுத்தோங்கிலிருந்து:

அண்ணே, அரசு கழித்து விற்றுவிட்டது என்று பொருள். ஒற்றை அம்புக்கு எதிராக இன்னொன்றை அடித்து, இனி இது எங்கள் சொத்து இல்லை என்று குறிப்பார்கள். படம் இருந்தால் போடுங்கள், ஆண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.