புதுப்பிப்பு: அல்கோன்குயினில் கேனோவிலிருந்து மூஸும் லூனும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள அல்கோன்குயின் பூங்காவில் ஜூலை மாதம் கேனோ என்ற துடுப்புப் படகில் சென்று, மூஸ் மானையும் லூன் பறவையையும் தொந்தரவு செய்யாமல் பார்ப்பது எப்படி என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பெரிய ஏரிகளை விட்டுவிட்டு, அல்லி படர்ந்த சதுப்பு ஓடைகளில் விடியற்காலையில் துடுப்புப் போடச் சொன்ன யோசனையே பலித்தது. சோடியம் மிகுந்த நீர்த்தாவரங்களைத் தேடி மூஸ்கள் கோடையில் நீரில் இறங்குவதால், தலையை முழுவதும் அமிழ்த்தி, பிடுங்கிய தண்டுகள் வாயில் தொங்க, காதுகளில் நீர் வடிய நிமிர்ந்த ஒரு பெண் மூஸைத் தொலைவிலிருந்தே நிதானமாகப் பார்க்க முடிந்தது. தொலைநோக்கியில் 10 மடங்கைவிட 8 மடங்கே நல்லது என்றதும் சரியே. உருப்பெருக்கம் கூடக் கூடப் படகின் ஆட்டமும் கூடுதலாகத் தெரியும்.

நான் எதிர்பாராதது, லூனின் குரல்களுக்குள் இருக்கும் வேறுபாடு. இரவில் கேட்கும் நீண்ட ஓலம் ஒன்றையொன்று தேடும் அழைப்பு. ஆனால் குஞ்சை முதுகில் சுமந்து செல்லும் பறவை நடுங்கும் சிரிப்பொலி போலக் கூவினால் அது அச்சக் குரல், உடனே படகைத் திருப்பிவிட வேண்டும். நாங்கள் விலகியதும் அது அடங்கியது.

இனிச் செல்பவர்களுக்கு: பூங்காவின் உட்பகுதிக்குத் தகர டப்பாக்களும் கண்ணாடிப் புட்டிகளும் கொண்டுசெல்ல அனுமதியில்லை.