டிஜிட்டல் ஆம்ப், மானிட்டர் ஸ்பீக்கர்: வால்யூமை எதில் ஏற்றுவது, எதில் குறைப்பது?

ஆறுதந்தி:
வணக்கம். கிட்டார் ஆம்பின் ஒலியை டிஜிட்டலாக உருவாக்கும் லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் கருவியை இரண்டு ஜேபிஎல் 305பி மார்க் 2 மானிட்டர் ஸ்பீக்கர்களில் நேரடியாக இணைத்து வீட்டில் கிட்டார் வாசிக்கிறேன். இடையில் மிக்சரோ ஆடியோ இன்டர்ஃபேஸோ இல்லை. ஸ்டாம்பின் வால்யூம் குமிழைக் கால்பங்குக்கு மேல் திருப்பினால் அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டும் அளவுக்குச் சத்தம் எழுகிறது. அதற்குக் கீழேயோ, மயிரிழை நகர்த்தினாலும் சத்தம் சட்டென்று ஏறி இறங்குகிறது. வாசிக்காதபோதும் ஸ்பீக்கரில் ‘உஸ்’ என்ற இரைச்சல் இருந்துகொண்டே இருக்கிறது. மேலும், தெளிவான ஒலி தரும் க்ளீன் பேட்சிலிருந்து (பேட்ச் என்றால் கருவியில் சேமித்த ஒலி அமைப்பு) கரகரப்பான டிஸ்டார்ஷன் பேட்சுக்கு மாறும்போது காது அடைத்துப்போகிறது. பேட்சுக்குள் டிரைவ், மாஸ்டர், சேனல் வால்யூம், கருவியின் வெளியே ஒரு குமிழ், ஸ்பீக்கருக்குப் பின்னால் இன்னொன்று என ஐந்து இடங்களில் எதைத் தொடுவது என்று விளக்க முடியுமா?

மேடைப்பலகை:
முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்டாம்பின் குமிழைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பிறகும் இரைச்சல் அப்படியே இருக்கிறதா? இருந்தால் அது கிட்டாரிலிருந்தோ பேட்சிலிருந்தோ வருவதில்லை; ஸ்பீக்கருக்கு உள்ளேயே பிறக்கிறது. அடுத்து, ஸ்பீக்கரின் பின்புறம் +4 டிபியு, -10 டிபிவி என்று குறிக்கப்பட்ட சிறு ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது, வால்யூம் குமிழ் எங்கே இருக்கிறது, எந்த வகைக் கேபிள் போட்டிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

ஆறுதந்தி:
பூச்சியத்தில் வைத்தாலும் இரைச்சல் குறையவில்லை, ஐயா. இரண்டு ஸ்பீக்கரிலும் ஸ்விட்ச் -10 பக்கம் இருக்கிறது. குமிழ்கள் முழுவதும் ஏற்றப்பட்டுள்ளன. சாதாரண கிட்டார் கேபிள்தான் போட்டிருக்கிறேன். ஸ்டாம்பின் குளோபல் செட்டிங்ஸில் வெளியீடு ‘லைன்’ என்று இருக்கிறது.

மேடைப்பலகை:
காரணம் அந்த ஸ்விட்ச்தான். +4 டிபியு என்பது சுமார் 1.23 வோல்ட், -10 டிபிவி என்பது சுமார் 0.32 வோல்ட். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 12 டெசிபெல் வேறுபாடு, அதாவது மின்னழுத்தத்தில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. -10 பக்கம் வைத்தால் ஸ்பீக்கர் மெலிந்த சமிக்ஞையை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. ஸ்டாம்போ லைன் அளவில், அதாவது மிக்சர் போன்ற கருவிகளுக்கு ஏற்ற அளவில், வலுவாக அனுப்புகிறது. அதனால்தான் உங்கள் குமிழுக்குக் கால்வட்டத்துக்கு மேல் வேலையில்லாமல் போகிறது.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஸ்விட்சை +4 பக்கம் தள்ளுங்கள். ஸ்பீக்கர் குமிழ்களை அடிமட்டத்துக்கு இறக்கி, ஸ்டாம்பை முதலிலும் ஸ்பீக்கர்களைக் கடைசியிலும் இயக்குங்கள்; அணைக்கும்போது ஸ்பீக்கர்தான் முதலில், இல்லாவிட்டால் ‘டப்’ என்ற அதிர்ச்சி கூம்பைத் தாக்கும். பிறகு ஸ்டாம்பின் குமிழை முக்கால் பங்கில் நிறுத்தி, இருப்பதிலேயே சத்தமான பேட்சில் அழுத்தி வாசித்துக்கொண்டே, உங்கள் அறை தாங்கும் உச்சச் சத்தம் வரும் வரை ஸ்பீக்கர்களை மெல்ல ஏற்றுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே புள்ளியில் நிற்கட்டும். அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, இனி அவற்றை மறந்துவிடுங்கள். அன்றாட ஏற்ற இறக்கம் முழுவதும் ஸ்டாம்பின் குமிழில் நடக்க வேண்டும். இரைச்சல் குறையும், ஆனால் அறவே போய்விடாது. ஆம்ப் உள்ளடங்கிய ஸ்பீக்கர் எதிலும் காதைக் கிட்டே கொண்டுபோனால் சிறிது கேட்கத்தான் செய்யும்.

கேபிளைப் பொறுத்தவரை, இரண்டு பக்கமும் பேலன்ஸ்டு வசதி (வழியில் சேரும் இரைச்சலை நீக்கும் இணைப்பு முறை) இருப்பதால் அதற்கேற்ற, முனையில் மூன்று தொடர்புகள் கொண்ட டிஆர்எஸ் கேபிள் வாங்குவது நல்லது. நீளம் குறைவாக இருந்தால் இப்போதைக்குக் கிட்டார் கேபிளால் பெரிய கெடுதல் இல்லை.

தாளக்கட்டு:
பேட்ச்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு வேறு சங்கதி. டிரைவையும் மாஸ்டரையும் சத்தம் கூட்டக் குறைக்கப் பயன்படுத்தாதீர்கள். டிரைவ் ஆம்பின் முதல் கட்டமான ப்ரீஆம்ப் பகுதியின் சிதைவையும், மாஸ்டர் கடைசிக் கட்டமான பவர் ஆம்ப் பகுதியின் சிதைவையும் மாற்றுவதால் தொனியே மாறிவிடும். தொனியைக் கெடுக்காமல் அளவை மட்டும் மாற்றுவது சேனல் வால்யூம்.

அதைச் செய்யும்போது மீட்டரை நம்பி மோசம் போகிறவர்கள் நிறைய. க்ளீன் ஒலியில் தந்தியைத் தட்டிய கணத்தில் மட்டும் உச்சம் எழுந்து உடனே விழுந்துவிடுகிறது. டிஸ்டார்ஷனில் உச்சங்கள் வெட்டுப்பட்டு ஒலி தொடர்ந்து ஒரே உயரத்தில் நிற்கிறது. மீட்டரில் இரண்டும் ஒரே உச்சத்தைக் காட்டினாலும் காதுக்கு டிஸ்டார்ஷன்தான் ஓங்கிக் கேட்கும். ஆகவே க்ளீன் பேட்சை முதலில் சரிசெய்து, பலமாக வாசித்தாலும் ஸ்டாம்பில் கிளிப் ஆகாமல் (அளவு மீறி ஒலி வெட்டுப்படாமல்) இடம் விட்டு வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் காதால் அதன் அளவுக்கு இறக்குங்கள். சோலோ பேட்சுக்கு 2 அல்லது 3 டெசிபெல் கூடுதல் போதும்.

இதை ஹெட்போனிலோ நள்ளிரவுச் சத்தத்திலோ செய்வது வீண். குறைந்த சத்தத்தில் நம் காது அடித்தொனிகளை மந்தமாகவே வாங்கும் என்பதை ஒலி ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். மெதுவாக வைத்து உருவாக்கிய பேட்ச், ஒத்திகையில் ஏற்றியதும் ‘தொம் தொம்’ என்று முழங்குவது இதனால்தான். அதற்காக வீட்டிலேயே மணிக்கணக்கில் அலறவிட வேண்டாம். 85 டெசிபெலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பது பணியிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது.

ஆறுதந்தி:
ஸ்விட்சை மாற்றியதும் குமிழ் முழு வட்டமும் பயன்படுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் இரைச்சல் கேட்கவில்லை. க்ளீன் பேட்சை வைத்து மற்றவற்றையும் இறக்கிவிட்டேன். இருவருக்கும் மிக்க நன்றி. ஒத்திகை அரங்கில் இதே கருவியை அங்கிருக்கும் கிட்டார் ஆம்பில் சொருகினால் ‘லைன்’ அமைப்பை அப்படியே விடலாமா?

மேடைப்பலகை:
ஆம்பின் முன்பக்க இன்புட்டில் சொருகினால் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று மாற்றுங்கள். லைன் அளவு அதற்கு மிகை. பேட்சில் உள்ள ஸ்பீக்கர் கேபினெட் மாடலையும் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் பகுதி) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒலி இரண்டு கேபினெட்டுகளைக் கடந்து மந்தமாகிவிடும். மிக்சரின் லைன் இன்புட்டில் கொடுப்பதானால் இப்போதுள்ள அமைப்பே சரி.