மாட்டுக் கொட்டகைக்கு எதுக்குய்யா கோட்டை மதில்?

ஊர்சுத்தி:
போன வாரம் பென்ரித்ல இருந்து கிரேஸ்டோக் போற ரோட்டுல, அதான் இங்கிலாந்துல கம்ப்ரியால, வயலுக்கு நடுவுல திடீர்னு ஒரு கோட்டை. மதில் மேல பல்லு பல்லா, கூர் வளைவு எல்லாம் வெச்சு பயங்கர பில்டப். வண்டிய ஓரங்கட்டிட்டு கிட்ட போனா சாணி வாசம் வருது, உள்ள ட்ராக்டர் நிக்குது. பண்ணையாம். பேரு ஃபோர்ட் புட்னம். கொஞ்ச தூரத்துல இதே ஸ்டைல்ல பங்கர்ஸ் ஹில்னு இன்னொன்னு. இங்க ஏதாவது சண்டை நடந்துச்சா, இல்ல பழைய கோட்டைய பண்ணையா மாத்திட்டாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

பழங்கல்:
சண்டை நடந்துச்சு ப்ரோ, ஆனா அமெரிக்கால 😄

பண்ணையாவே கட்டினதுதான் அது, 1780கள்ல. கட்டினவர் சார்லஸ் ஹோவர்ட், நார்ஃபோக்கோட 11வது ட்யூக். ஆளு விக் கட்சி, அதாவது ராஜா அதிகாரத்துக்கு கடிவாளம் போடணும்ங்கிற கோஷ்டி, அமெரிக்கா விடுதலைக்கு சப்போர்ட். பக்கத்து எஸ்டேட் லான்ஸ்டேல் பிரபு நேர் எதிர், ராஜா பக்கம் நிக்கிற டோரி கட்சி. அவர கடுப்பேத்தத்தான் 1775ல பங்கர் ஹில்ல பிரிட்டிஷ் படை ஆயிரம் பேருக்கு மேல செத்தும் காயப்பட்டும் எப்படியோ ஜெயிச்ச சண்டையோட பேரையும், அங்க எதிர்ல நின்ன ஜெனரல் புட்னம் பேரையும் தன்னோட பண்ணைங்களுக்கு வெச்சார்னு சொல்லுவாங்க. நம்பலாம், ஏன்னா 1798ல ஒரு விருந்துல 'மக்களின் மாட்சிமை'க்குன்னு கிளாஸ தூக்கி, அதுக்காகவே ராஜா இவர பதவிய விட்டு தூக்கிட்டார். குளிக்கிறதுன்னா ஆகாதாம், போதைல மட்டையானப்புறம்தான் வேலைக்காரங்க குளிப்பாட்டுவாங்கன்னு கதை வேற

மதில்மேல்பூனை:
பேரு அரசியல் சரி, ஆனா கோட்டை ஷேப்புக்கு அது பதில் இல்லையே. அந்தக் காலத்துல இது ஒரு ஃபேஷன். மாளிகை ஜன்னல்ல இருந்து பாத்தா தூரத்துல கண்ணுக்கு ஏதாவது தட்டுப்படணும், சும்மா அழகுக்குன்னு கட்டினா காசு வேஸ்ட், எப்படியும் கொட்டகை கட்டத்தான் போறோம் அதுக்கே கோட்டை வேஷம் போட்டுடுவோம்னு ஒரு கணக்கு. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்ல ரௌஷம்னு ஒரு எஸ்டேட், அங்க வில்லியம் கென்ட் கட்டினதுக்கு பேரே 'கௌ கேஸில்', ஒரு பக்கம் மாடு ஒதுங்கும், மறுபக்கம் கார்டன்ல நடக்கிறவங்க உக்கார கோதிக் (இடைக்கால சர்ச் ஸ்டைல்) சீட். பேட்மின்டன் எஸ்டேட்ல இந்த மாதிரி களஞ்சியம் எல்லாம் டிசைன் பண்ணினது தாமஸ் ரைட், 1750ல பால்வீதி ஏன் பட்டையா தெரியுதுன்னு புத்தகம் எழுதின வானியல்காரர் அவரேதான்!

இடைக்கால இங்கிலாந்துல மதில்ல பல்லு வைக்கணும்னா ராஜா கிட்ட லைசென்ஸ் வாங்குறது வழக்கம். அப்பேர்ப்பட்ட கெத்து கடைசில மாட்டுக்கு கிடைச்சிருக்கு.

(அந்த பல்லுக்கு தமிழ்ல ஞாயில்னு சங்ககாலத்துலயே வார்த்தை இருக்கு, பல்லு பல்லுன்னு சொல்லிட்டு இருக்கோம்)

ஊர்சுத்தி:
செம. அப்போ சுவத்துல அம்பு விடுற மாதிரி ஒல்லியா சந்து இருக்கே அதுவும் டம்மியா?

களத்துமேடு:
எல்லாமே டம்மின்னு சொல்லிட முடியாது தம்பி. சாதாரண களஞ்சியத்துலயே சுவத்துல குறுகலா சந்து விடுவாங்க, வெளிய ஒல்லியா உள்பக்கம் அகலமா. மழை உள்ள வராது, காத்து மட்டும் வரும், வைக்கோல் புழுங்காது. அம்பு விடுற சந்தும் கிட்டத்தட்ட அதே ஷேப்தான். அதனால கோட்டை வேஷம் போட பெருசா மெனக்கெட வேண்டியதில்ல, மேல நாலு பல்லு, அவ்ளோதான். ஒரு கொட்டகைய பின்னாடி போய் பாருங்க, சிலதுல முன்பக்கம் மட்டும்தான் கோட்டை, பின்னாடி சாதா கூரை

ஊர்சுத்தி:
அடுத்த லீவுக்கு ரௌஷம் போறோம், பசங்களோட

மதில்மேல்பூனை:
ப்ரோ அங்க 15 வயசுக்கு கீழ விட மாட்டாங்க, நாயும் கூடாது. கடை கண்ணி எதுவும் கிடையாது, சாப்பாடு கையோட கொண்டு போயிடுங்க