புதுப்பிப்பு: வேலை அனுபவத்தை எஸ்.ஓ.பி.யில் கோப்பது எப்படி? (இடம் கிடைத்துவிட்டது)

சிவில் முடித்து மூன்று வருடம் ஏரி சீரமைப்பில் இருந்தவன், நீரியல் முதுகலைக்கான எஸ்.ஓ.பி.யில் (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரை) அதை எப்படிக் கோப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நெதர்லாந்தில் இடம் கிடைத்துவிட்டது.

கைகொடுத்தது, "செய்ததை அடுக்காதீர்கள், தீர்க்க முடியாமல் போன ஒன்றில் தொடங்குங்கள்" என்ற யோசனைதான். முதல் வரைவு 2015 சென்னை வெள்ளத்தில் ஆரம்பித்தது. அதை யார்தான் எழுத மாட்டார்கள்? தூக்கிவிட்டேன். பதிலாக, மதுராந்தகம் பக்கம் ஒரு சின்ன ஏரி. தூர்வாரினோம், கரையை உயர்த்தினோம், மதகுப் பலகைகூட புதுசு. அடுத்த ஐப்பசி மழையில் பாதிகூட நிரம்பவில்லை. மேல் ஏரியின் கலங்கிலிருந்து (ஏரி நிரம்பியதும் மிச்ச நீர் வழியும் இடம்) வரும் வரத்துக் கால்வாய் வீட்டுமனைகளுக்குள் காணாமல் போயிருந்தது. எங்கள் எஸ்டிமேட்டில் அந்த ஒரு ஏரிதான் இருந்தது, ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும் ஏரிச் சங்கிலி இல்லை. இதை எழுதியதும், சங்கிலி முழுவதற்குமான நீர்வரத்துக் கணக்கைப் படிக்க வேண்டும் என்ற அடுத்த பத்தி தானாகவே வந்தது.

எதிர்பாராதது: நான் பயந்த மதிப்பெண்ணை நேர்காணலில் தொடவே இல்லை. "திரும்பிப் போனால் அங்கே முதலில் எதை அளப்பீர்கள்?" என்றார்கள். மேல் ஏரிக் கலங்கில் வழியும் நீரின் உயரத்தை என்றேன். அப்புறம் பத்து நிமிடம் கலங்கு பற்றியே பேச்சு.