அப்பாவின் கணினியில் போலி ஆன்டிவைரஸ்: எப்படி நீக்குவது?

வணக்கம் நண்பர்களே, அவசரமாக ஓர் உதவி வேண்டும்.

நேற்று மாலை அப்பா ஏதோ ஒரு இணையப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். திரை முழுக்கச் சிவப்பு. "உங்கள் கணினியில் 37 வைரஸ்கள்" என்று எச்சரிக்கை, விடாத பீப் சத்தம், கீழே ஸ்கேன் செய்வதுபோல் ஒரு பச்சைப் பட்டை ஓடிக்கொண்டே இருந்ததாம். பயந்துபோய் 'இப்போதே சரிசெய்' என்பதை அழுத்திவிட்டார். ஒரு புரோகிராம் இறங்கி, வைரஸை நீக்கக் கார்டு எண் கேட்டிருக்கிறது. கொடுத்துவிட்டார்.

பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கத்தால் கணினிக்குள் இருக்கும் கோப்புகளை அலசவே முடியாது. அந்த ஸ்கேன் வெறும் அசையும் படம். ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்? விண்டோஸின் கேடயச் சின்னத்தை அச்சு அசலாகப் போட்டிருந்தார்கள். 2011இல் மேக் டிஃபெண்டர் என்ற போலி ஆன்டிவைரஸை வைத்து, ஆப்பிளின் மேக் கணினி வைத்திருந்தவர்களையும் இதே பாணியில்தான் ஏமாற்றினார்கள்.

வங்கிக்குப் பேசிக் கார்டை முடக்கியாயிற்று. இணைய இணைப்பையும் துண்டித்துவிட்டேன். அந்தப் புரோகிராமைக் கண்ட்ரோல் பேனலில் நீக்கினாலும் மறுபடி ஆன் செய்ததும் வந்து நிற்கிறது. ஓடும் புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்த நொடியே அதை மூடிவிடுகிறது.

சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் நிலையில்) போய், புரோகிராம்களைத் தானாக ஓடவைக்கும் ஸ்டார்ட்அப், டாஸ்க் ஷெட்யூலர் இரண்டையும் பார்த்தால் போதுமா? விண்டோஸிலேயே இருக்கும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் (விண்டோஸ் முழுதாக இயங்கும் முன்பே செய்யும் சோதனை) இதைப் பிடிக்குமா, இல்லை ஃபார்மட் செய்வதுதான் நல்லதா? 12 வருஷப் படங்கள் அதில் இருக்கின்றன. பென் டிரைவில் எடுத்தால் இதுவும் கூடவே ஒட்டிக்கொண்டு வருமா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அப்பா நேற்றிலிருந்து சரியாகப் பேசவே இல்லை.