ஏப்ரல், மே வெக்கையில் கரண்டு பில்: உங்கள் வீட்டில் உண்மையில் எது குறைந்தது?

ஈசூன், நான்கறை வீடு

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒன்று இல்லாவிட்டாலும், ஏப்ரலும் மேயும் வந்தால் வீட்டுக்குள் உட்கார முடிவதில்லை. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983இல் தெங்காவில் பதிவான அதே உச்சம். அந்த மாதம் எங்கள் வீட்டில் எல்லா அறையிலும் ஏர்கான் ஓடியது. அப்புறம் வந்த பில்லைப் பார்த்துதான் இந்த விஷயத்தில் இறங்கினேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். பில்லின் மொத்தத் தொகையைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்த ஒரே தாளில் மின்சாரம், தண்ணீர், எரிவாயு, குப்பைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து வருகிறது. தண்ணீர் விலை 2024 ஏப்ரலிலும் 2025 ஏப்ரலிலும் ஏறியது. மின் கட்டணமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். இதற்கு நடுவில் அரசாங்கம் தரும் யூ-சேவ் கட்டணக் கழிவு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் வந்து சேர்கிறது. ஏப்ரலில் ஏர்கான் எவ்வளவு ஓடினாலும் அந்தக் கழிவு வந்து தொகையைக் குறைத்துக் காட்டிவிடும். மே மாதத்தில்தான் உண்மை தெரியும். அதனால் யூனிட்டை மட்டும் பாருங்கள். போன வருடம் இதே மாதம் எத்தனை யூனிட், இந்த வருடம் எத்தனை யூனிட், அவ்வளவுதான் கணக்கு.

ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்கு, பில் அனுப்பும் எஸ்பி நிறுவனத்தின் செயலியில் அரைமணிக்கு ஒரு கோடு என்று வரைபடம் கிடைக்கிறது. எங்கள் வீட்டு வரைபடத்தில் இரவு 9 மணிக்குக் கோடு ஏறுவதைப் பார்த்து நான் ஆச்சரியப்படவில்லை, அது ஏர்கான். ஆனால் வீட்டில் ஆளே இல்லாத பகல் நேரத்திலும் அவ்வப்போது ஒரு துள்ளல் இருந்தது. தேடிப் பார்த்ததில் அது குளியலறைத் தொட்டி ஹீட்டர். சுவிட்சை அணைக்காமல் விட்டால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆற ஆற அது தானாகவே மறுபடி மறுபடி சூடாக்கிக்கொண்டே இருக்கும். குளிப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் போட்டு, குளித்ததும் அணைப்பது என்று மாற்றினோம். பகல் துள்ளல் காணாமல் போய்விட்டது.

உங்கள் வீட்டில் எது வேலை செய்தது? யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

பொங்கோல், மறுவிற்பனை வீடு

எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஏர்கான் சர்வீஸ் செய்ய வந்த தம்பி. புதுக்கோட்டைப் பக்கம். தமிழில் பேசியதும் முகம் மலர்ந்துவிட்டது. வழக்கமாக வருகிறவர்கள் கழுவிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இந்தத் தம்பி நின்று விளக்கினார்.

முதலில் வெளிப்பெட்டியைப் பார்த்தார். முன்பு இந்த வீட்டில் இருந்தவர்கள் அழகுக்காக அதைச் சுற்றிப் பலகை அடைத்திருந்தார்கள். "அக்கா, உள்ள இருக்கிற சூட்டத் தூக்கி வெளிய தள்றதுதான் இதோட வேலை. தள்ற இடத்தையே அடைச்சிட்டா அதே சூட்டத் திரும்பத் திரும்ப இழுக்கும். மோட்டார் கிடந்து தவிக்கும்" என்றார். பலகையைக் கழற்றிவிட்டோம். அன்று இரவே அறை சீக்கிரம் குளிர்ந்தது எங்களுக்கே தெரிந்தது.

ரிமோட்டில் 18 என்று இருந்ததைப் பார்த்துவிட்டு அடுத்து கேட்டார், "ஏன்க்கா இவ்வளவு கம்மியா வெச்சிருக்கீங்க?" சீக்கிரம் குளிரட்டும் என்றுதான் என் மகன் அப்படி வைப்பான். "18 வெச்சாலும் 25 வெச்சாலும் ஆரம்பத்துல ஒரே வேகத்துலதான் குளிரும். 25 வெச்சா அங்க வந்ததும் மெதுவா ஓட ஆரம்பிச்சிரும். 18 வெச்சா அந்த எடத்துக்கு வந்து சேரவே சேராது, விடிய விடிய முழு மூச்சா ஓடும்." இன்வெர்ட்டர் ஏர்கானின் முழு சூட்சுமமும் இதுதான். இலக்கை எட்டிய பிறகு வேகத்தைக் குறைத்துக்கொள்வதால்தான் அது மிச்சம் பிடிக்கிறது. எட்டவே விடாவிட்டால், மின்சிக்கன லேபிளில் ஐந்து டிக் உள்ள ஏர்கான் வாங்கியும் பலன் குறைவு. இப்போது 25 வைத்து, கூடவே ஃபேனை மெதுவாக ஓடவிடுகிறோம். மகன் முதல் இரண்டு இரவு முனகினான், அப்புறம் பழகிவிட்டது.

முன்மூடியைத் திறந்து வலையை எடுத்துக் குழாயடியில் கழுவி நிழலில் காயவைப்பதையும் எனக்குச் செய்து காட்டினார். ஐந்து நிமிட வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். சர்வீஸுக்குச் சர்வீஸ் காத்திருக்கத் தேவையில்லை.

மோர் குடித்துக்கொண்டே அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. அவர்கள் விடுதியறையில் ஏர்கான் கிடையாது. வேலை முடிந்து வந்ததும் ஒரு ஃபேனை ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்து, அறைக்குள் அடைந்த சூட்டை முதலில் வெளியே தள்ளுவார்களாம். அதற்கு அப்புறம்தான் ஃபேனைத் தங்கள் பக்கம் திருப்புவார்களாம். நம் வீட்டுச் சுவரெல்லாம் கான்கிரீட். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் உள்ளே விடுகிறது. மேற்குப் பார்த்த அறை இருப்பவர்களுக்கு நான் சொல்வது நன்றாகப் புரியும். மதியத்துக்கு முன்பே திரையை இழுத்துவிட்டு, இருட்டியதும் ஜன்னலைத் திறந்து அந்தத் தம்பி சொன்னபடி ஃபேனை வெளிப்பக்கம் ஓட்டுகிறேன். ஏர்கான் போடும் நேரம் தள்ளிப்போகிறது, சில நாள் போடவே தேவைப்படுவதில்லை. நாள் முழுக்க மற்றவர்கள் வீட்டைக் குளிரவைத்துவிட்டு இப்படித் தூங்கப் போகிறவர்களிடமிருந்து இதைக் கற்றேன் என்பதை மறக்க முடியவில்லை.

தெம்பனிஸ், ஐந்தறை வீடு

அக்கா எழுதியது எல்லாம் சரி. ஆனால் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். என் அம்மா பில்லுக்குப் பயந்து பகலில் ஏர்கானைத் தொடவே மாட்டார். "பியுபி பில்லு ஏறிடும்பா" என்று (கரண்டு பில்லை இன்னும் அப்படித்தான் சொல்வார்) சொல்லி வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பார். போன வெயிலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். பாலிகிளினிக் டாக்டர் எங்களைக் கண்டித்தார். வயதானவர்களுக்கு வேர்ப்பதும் குறைவு, தாகம் எடுப்பதும் குறைவு, உடம்பு சூடாவது அவர்களுக்கே தெரியாது என்றார். அம்மாவின் வசதியில் கைவைத்து மிச்சம் பிடிக்கும் காசு எங்களுக்கு வேண்டாம்.

அதனால் வேறு வழி பார்த்தோம். வெயில் உச்சத்தில் அம்மா அறையில் மட்டும் ஏர்கான். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் அங்கேயே வீட்டுப்பாடம் செய்கிறார்கள். முன்பு மூன்று அறையில் ஓடியது இப்போது ஓர் அறையில். யூனிட் நன்றாகவே குறைந்தது. அம்மாவுக்கும் பேச்சுத்துணை கிடைத்தது.

உட்லண்ட்ஸ்

சிக்கனமான வீட்டுச் சாதனங்கள் வாங்க அரசாங்கம் தந்த பருவநிலைப் பற்றுச்சீட்டை இன்னும் பயன்படுத்தாதவர்கள் உண்டா? வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகளுக்கு 2024 ஏப்ரலில் 300 வெள்ளி, அடுத்த வருடம் இன்னொரு 100. 2027 கடைசி வரை செல்லும். நாங்கள் ஃப்ரிட்ஜ் வாங்கப் போனோம். டிக் அதிகம் உள்ள பெரிய ஃப்ரிட்ஜ்தான் சிக்கனம் என்று நினைத்து அதன் பக்கம் போனபோது, கடையில் இருந்த மலாய்க்காரப் பெண்மணி லேபிளின் கீழ்ப்பகுதியைக் காட்டினார். ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அங்கே எழுதியிருக்கிறது. ஃப்ரிட்ஜின் அளவை வைத்துத்தான் டிக் கணக்கிடுகிறார்கள். பெரியதும் டிக் அதிகமுமாக இருக்கும் ஒன்று, டிக் குறைந்த சின்னதைவிட அதிக மின்சாரம் இழுக்கலாம். அதிகம் விற்றால் தனக்கு லாபம் என்று பார்க்காமல் அவர் சொன்னது பெரிய விஷயம். நாலு பேர் குடும்பத்துக்குப் போதுமானதை வாங்கினோம். மிச்சப் பற்றுச்சீட்டில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் டிசி மோட்டார் ஃபேன். பழைய கூரை ஃபேன் 70 வாட் பக்கம் இழுக்கும், இது பாதிகூட இல்லை.

செங்காங்

நாங்கள் வேறு மின் விற்பனையாளருக்கு மாறினோம். நிலையான விலைத் திட்டம், யூனிட் விலை கொஞ்சம் இறங்கியது. ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் கட்டணம் உண்டு, அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உட்லண்ட்ஸ்

ஈசூன் நண்பரே, ஒரு கேள்வி. தொட்டி ஹீட்டரை மாற்றிவிட்டு உடனடி ஹீட்டர் போடலாமா? எத்தனை நிமிடம் முன்னால் போடுகிறீர்கள்?

ஈசூன், நான்கறை வீடு

தொட்டி நன்றாக இருந்தால் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். எங்களுடையது 15 லிட்டர், 3 கிலோவாட். கால்மணி நேரம் போதும், யூனிட்டில் முக்காலுக்கும் மேல் போகாது. யூனிட்டுக்குச் சுமார் 30 காசு என்று வைத்தால் ஒரு தடவைக்கு 20 காசு சொச்சம். உடனடி ஹீட்டரும் ஏறக்குறைய அதே 3 கிலோவாட்தான், பத்து நிமிடக் குளியலுக்கு அரை யூனிட். ஒருவர் மட்டும் குளிக்கும் வீட்டுக்கு அது லாபம். அடுத்தடுத்து நாலு பேர் குளித்தால் பெரிய வித்தியாசம் வராது. பழையது பழுதாகும்போது மாற்றினால் போதும். அதுவரை சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டிவையுங்கள், பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும். தெம்பனிஸ் அண்ணன், அம்மாவுக்கு மட்டும் வெந்நீரில் கஞ்சத்தனம் வேண்டாம்.