கூத்துக் கலைஞர்களைப் படம் எடுத்து, அவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்ய ஆசை. எப்படித் தொடங்கலாம்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கம். நான் பாலக்காடு மாவட்டத்தில் எல்லையோரம் இருக்கிறேன், வீட்டில் தமிழ்தான். எங்கள் மாவட்டத்துப் பகவதி கோவில்களில் தை பிறந்தால் தோல்பாவைக்கூத்து தொடங்கிவிடும், கோடை முடிகிற வரை ஏதாவது ஓர் ஊரில் நடந்துகொண்டே இருக்கும். இரவு முழுக்கக் கம்பராமாயணப் பாட்டைச் சொல்லி, தமிழும் மலையாளமும் கலந்து பொருள் சொல்லிக்கொண்டு போகிற புலவர்களை நாம் பார்ப்பதே இல்லை, திரையில் விழுகிற நிழலைத்தான் பார்க்கிறோம். ராவணனுக்குக் குரல் கொடுத்தவர் மறுநாள் காலை டீக்கடையில் நம் பக்கத்தில் நின்றாலும் யாரென்று தெரியாது. இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. ஆளுக்கு ஒரு நல்ல படம், கூடவே அவர்கள் வாயாலேயே அவர்கள் கதை, இப்படிச் செய்ய நினைக்கிறேன். கேமரா இருக்கிறது, பேட்டி எடுத்துப் பழக்கமில்லை. என்ன கேட்பது? எப்போது போவது? பணம் கொடுக்க வேண்டுமா?

நிளைக்கரை:
தம்பி, நல்ல காரியம், கட்டாயம் செய்யுங்கள். நான் ஒற்றப்பாலம் பக்கம், சின்ன வயதிலிருந்து கூத்துமாடத்துக்கு, அதாவது பாவைக்கூத்து நடக்கிற மேடைக்கு, முன்னால் பாய் விரித்துப் படுத்து வளர்ந்தவன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "இப்போது கூட்டமே வருவதில்லையே, வருத்தமாக இல்லையா?" என்பதுதான். அதைக் கேட்காதீர்கள். ராமனும் ராவணனும் சண்டை போட்ட நேரத்தில் பத்ரகாளி தாரிகாசுரனோடு போரில் இருந்தாள், அதனால் அந்தச் சண்டையைப் பார்க்க முடியவில்லை, அவள் பார்ப்பதற்காகத்தான் இந்தக் கூத்து என்பது ஐதீகம். கூத்துமாடமே கோவிலைப் பார்த்துத்தான் இருக்கும். எதிரே ஒரு ஆள் இல்லாவிட்டாலும் அவர்கள் விடிய விடிய ஆடுவார்கள், 21 நாள் என்றால் 21 நாளும். கூட்டத்தை வைத்து அவர்கள் வேலையை அளந்தால் அந்த இடத்திலேயே பேச்சு நின்றுவிடும், மரியாதைக்கு நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அதற்குப் பதிலாக வேலையைப் பற்றிக் கேளுங்கள். எந்தப் பாட்டு மனப்பாடம் ஆகக் கஷ்டப்பட்டீர்கள், யார் சொல்லிக்கொடுத்தார், பொருள் சொல்லும்போது எதிரே நிற்பவர் எதிர்பாராத கேள்வி போட்டால் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேளுங்கள். பாவைகள் வைத்திருக்கிற பெட்டியைத் திறந்து ஒரு பாவையைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள், அப்புறம் நீங்கள் கேட்கவே வேண்டாம். பழைய பாவைகள் மான் தோல், 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு புதிதாகச் செய்வதெல்லாம் பெரும்பாலும் ஆட்டுத்தோல். இரண்டையும் ஆட்டிப் பார்த்தவர் கைக்கு அந்த வித்தியாசம் தெரியும், அதைக் கேளுங்கள்.

படத்துக்கு: திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எரிகிற 21 விளக்கு இருக்கிறதே, அந்த வெளிச்சம் போதும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். ஆனால் கூத்து நடக்கும்போது உள்ளே போகக் கோவில்காரர்களிடமும் புலவரிடமும் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். பேட்டியை மட்டும் சீசனில் வைக்காதீர்கள், ராத்திரி முழுக்கத் தொண்டை கிழியப் பாடியவர் பகலில் தூங்குவார். மழைக்காலத்தில் வீட்டுக்குப் போங்கள். முதல் நாள் கேமராவை வெளியே எடுக்காமல் பேசிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. 2021இல் தோல்பாவைக்கூத்துக் கலைஞர் ராமச்சந்திர புலவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம். ஆனால் அவரைப் பற்றி நிறைய வந்துவிட்டது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுகிறவரை, விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறவரைத் தேடிப் போங்கள். கூனத்தறைப் பக்கம் பெண்களும் இப்போது பாவை எடுத்து ஆடுகிறார்கள், அவர்களை விட்டுவிடாதீர்கள்.

நகரி ராஜா:
நான் ஆந்திர எல்லை. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம், ஆனால் தெருக்கூத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. திரௌபதி அம்மன் கோவிலில் பாரதம் வைத்தால் இரண்டு பக்கத்து ஆளும்தான் உட்கார்ந்து பார்க்கிறோம்.

எங்கள் பக்கத்துச் சிக்கல் உங்களுடையதற்கு நேர் எதிர். இங்கே கலைஞரின் படம் ஏராளம், ஆனால் எல்லாம் வேஷத்தோடுதான். அரிதாரம், கிரீடம், புஜக்கட்டை எல்லாம் போட்டுத் துரியோதனனாக நிற்கிற படத்தைப் பார்க்கிறவனுக்கு அந்த ஆளைத் தெரியாது. அதற்காக நீங்களாக முடிவு செய்து "வேஷத்தைக் கலைத்துவிட்டு வாருங்கள், இயல்பாக எடுக்கலாம்" என்றும் சொல்லக் கூடாது. எனக்குத் தெரிந்த பெண்வேஷக்காரர் ஒருவர் திரௌபதியாகத் தவிர வேறெப்படியும் படத்துக்கு நிற்க மாட்டார், அது அவர் விருப்பம், அதை மதிக்கத்தான் வேண்டும். எப்படி நிற்க ஆசை, எங்கே நிற்க ஆசை என்று அவர்களையே கேளுங்கள். ஒருத்தர் நெல்வயலில் நிற்பார், ஒருத்தர் தான் ஊதுகிற முகவீணைக் குழலை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவார்.

பணம் கட்டாயம் கொடுக்க வேண்டும். கூத்து இல்லாத மாதங்களில் கூலி வேலைக்குப் போகிறவர்கள் நிறைய பேர், உங்களோடு ஒரு நாள் உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு. அந்த நாள் சம்பளத்தையாவது கொடுங்கள், அதுவும் பேசத் தொடங்கும் முன்பே.

வழக்கு மேசை:
சட்டப்படி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் கொண்டுவந்த நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக இருக்கிறது. நடிகர், பாடகரோடு பாம்பாட்டி, வித்தைக்காரர் வரை அதில் வருகிறார்கள், ஆகவே கூத்துக்காரரும் உண்டு. அவர் நிகழ்த்துவதை அவர் சம்மதமில்லாமல் பதிவு செய்து வெளியிடக் கூடாது, இந்த உரிமை 50 ஆண்டு நிற்கும். 2012 திருத்தத்துக்குப் பிறகு தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்கவும், நிகழ்ச்சியைச் சிதைத்து வெளியிட்டால் தடுக்கவும் அவருக்கு வழி இருக்கிறது. பேட்டிக்கு நடுவே அவர் ஒரு பாட்டுப் பாடினால் அதற்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு நடப்பது நல்லது. அவருக்குப் புரிகிற மொழியில் ஒரு பக்கச் சம்மதக் கடிதம் எழுதி, வாசித்துக் காட்டி, பிரதி ஒன்றை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

மேளக்காரர் மகள்:
அண்ணா, எங்கள் அப்பா கூத்துக்கு மிருதங்கம். எத்தனையோ பேர் வந்து படம் எடுத்துப் போயிருக்கிறார்கள், எங்கள் வீட்டுச் சுவரில் ஒன்றுகூட இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் ஆச்சு என்று நினைக்காதீர்கள், அவரிடம் இருப்பது பட்டன் போன். பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுங்கள். பேச்சையும் வெளியிடும் முன் போட்டுக் காட்டுங்கள், வேண்டாம் என்று அவர் சொல்கிற இடத்தை எடுத்துவிடுங்கள். சொந்தக்காரர்களைப் பற்றி ஏதாவது வாய்தவறி வந்திருக்கும், நாளைக்கு நாங்கள் அதே ஊரில்தானே இருக்கணும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கூட்டம் பற்றிய கேள்வியைத்தான் முதலில் எழுதி வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். மழை தொடங்கியதும் தாளம் போடுகிற ஒருவர் வீட்டுக்குப் போகிறேன், சும்மா பேச மட்டும். தங்கச்சி, பிரிண்டுக்கான செலவையும் கணக்கில் சேர்த்துவிட்டேன். உங்கள் அப்பாவுக்குச் சம்மதம் என்றால் நகரி அண்ணனையும் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கமும் வருகிறேன், எந்த மாதம் அவருக்கு வேலை குறைவு என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.